இருநூறு மணி நேரம் பொறுங்கள்

புதிதாக ஒரு ஸ்பீக்கரையோ ஆம்ப்ளிஃபயரையோ வாங்கி, வீட்டில் வைத்து முதல் பாட்டைப் போட்டதும் முகம் தொங்கிப்போகிறவர்களுக்கு எங்கும் ஒரே பதில்தான் கிடைக்கும். "இப்பவே முடிவு கட்டாதீங்க. 200 மணி நேரம் ஓடட்டும், அப்புறம் பாருங்க." ஸ்பீக்கருக்கு மட்டுமல்ல, உள்ளே கபாசிட்டர் மாற்றினாலும், டிஜிட்டல் பாட்டை மின்னலையாக்கும் டிஏசியை மாற்றினாலும், வெறும் கம்பியை மாற்றினாலும் இதே பதில்தான். மணிக்கணக்கு மட்டும் ஆளுக்கு ஆள் வேறுபடும். தாழ்ந்த ஒலிகளைத் தரும் வூஃபருக்கு 50 என்பார் ஒருவர், டெஃப்லான் கபாசிட்டருக்கு 500 என்பார் இன்னொருவர். இந்தக் காத்திருப்புக்கு ஒலிப் பிரியர்கள் வைத்திருக்கும் பெயர் பிரேக்-இன்.

இதற்கென்று செய்முறையும் உண்டு. இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒட்டினாற்போல் நேருக்கு நேர் நிறுத்துவார்கள். ஒன்றின் இணைப்பில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் இடம் மாற்றிக் கொடுத்து, மேலே கனத்த போர்வையைப் போர்த்தி, இரைச்சல் ஒலியை இரவெல்லாம் ஓடவிடுவார்கள். ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுப்பதால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கம் கெடாது. இயற்பியல் தெரிந்தவர்கள் கண்டுபிடித்த தந்திரம் இது. பிரேக்-இன்னை நம்புகிறவர்களை விவரமற்றவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

புதுச் செருப்பு முதல் வாரம் கடிக்கும், பிறகு கடிக்காது. தோல் இளகியதா, கால் காய்த்துப்போனதா என்று கேட்டால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். ஒலிக்கருவி விஷயத்தில் இந்த இரண்டையும் தனித்தனியே அளக்க முடியும். கருவி எவ்வளவு மாறுகிறது என்பதை மைக்கும் மின்னளவியும் சொல்லும். கேட்பவர் எவ்வளவு மாறுகிறார் என்பதைக் கண்மறைத்த சோதனைகள் சொல்லும். இரண்டுமே நடந்திருக்கின்றன.

மாற்றம் நடக்க நியாயமான இடம் ஸ்பீக்கர். ஒரு வூஃபரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கோனின் விளிம்பை இரும்புச் சட்டத்தோடு இணைக்கும் ரப்பர் அல்லது நுரை வளையத்துக்கு சரவுண்ட் என்று பெயர். சட்டத்தின் இடுக்கு வழியாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்தால், காந்தத்துக்குச் சற்று மேலே வரிவரியாக மடிப்பு வைத்த பழுப்புத் துணி வட்டம் தெரியும், அது ஸ்பைடர். பருத்தித் துணியையோ செயற்கை இழைத் துணியையோ ஃபீனாலிக் பிசினில் தோய்த்து, சூடான அச்சில் அழுத்தி அந்த மடிப்புகளை எடுக்கிறார்கள். கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலைக் காந்த இடுக்கின் நடுவில் எதிலும் உரசாமல் நிறுத்துவதும், முன்பின் போய்வரும் கோனைப் பழைய இடத்துக்கு இழுத்துவருவதும் பெரும்பாலும் இந்தத் துணியின் வேலை.

புது வூஃபரின் கோன் முதல் சில தடவை நன்றாக அசையும்போது இழைகளைப் பிணைத்திருக்கும் பிசினில் நுண்ணிய விரிசல்கள் விழுகின்றன. துணி இளகுகிறது. ரப்பரிலும் இதற்கு இணையான ஒன்று நடக்கிறது. லியோனார்ட் மல்லின்ஸ் 1940களில் விரிவாக ஆராய்ந்ததால் அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது: ரப்பரை முதல் முறை ஓர் அளவுக்கு இழுக்கத் தேவைப்பட்ட விசை, அடுத்த முறை அதே அளவுக்கு இழுக்கத் தேவைப்படாது. இந்த இளக்கத்தின் பெரும்பங்கு முதல் சில இழுப்புகளிலேயே முடிந்துவிடும். ஸ்பீக்கர்களை அளப்பதற்கான கருவிகளைச் செய்யும் ஜெர்மானியப் பொறியாளர் வோல்ஃப்காங் கிளிப்பல், ஸ்பைடரும் சரவுண்டும் காலப்போக்கில் இளகுவதை அவை தாங்கிய மொத்த இயந்திர வேலையோடு தொடர்புபடுத்தி 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். தொடக்கத்தில் விறுவிறுவென்றும் பிறகு நிதானமாகவும் அந்த இளக்கம் போகிறது.

ஆகவே ஸ்பீக்கர் பழகுகிறது என்பது கட்டுக்கதை அல்ல. ஆனால் இதில் கடிகாரத்துக்குப் பெரிய வேலையில்லை. கோன் எவ்வளவு தூரம் போய்வந்தது என்பதுதான் கணக்கு. தாழ்ந்த அதிர்வெண்ணில் கோனை நன்றாக அசையவிட்டுச் சில மணி நேரம் ஓட்டினாலே முடிந்துவிடுகிற காரியத்துக்கு, மெல்லிய ஒலியில் பல வாரம் வீணை கேட்டுக்கொண்டிருப்பது பொருத்தமான வழி அல்ல. உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டரின் அசைவோ ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கு. அங்கே இளகுவதற்கே அதிகம் இல்லை. "50 மணி நேரத்துக்குப் பிறகு உச்ச ஒலிகளில் இருந்த கடுமை போய்விட்டது" என்பதுதான் பிரேக்-இன் பற்றி அடிக்கடி கேட்கும் வாசகம் என்பதை இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும். இளகுகிற பாகம் ஓரிடத்தில் இருக்க, மாறியதாகச் சொல்லப்படும் ஒலி வேறிடத்தில் இருக்கிறது.

சரி, வூஃபர் இளகினால் கேட்கும் ஒலி எவ்வளவு மாறும்? இதற்கு ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிகளைக் கணக்குப் போட்டு வடிவமைக்கும் முறையை நெவில் தீல் 1961இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் அதை முழுமையாக்கினார். இன்று எந்த வூஃபரின் விவரத்தாளை எடுத்தாலும் தீல்-ஸ்மால் அளவுகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் மூன்று நமக்கு வேண்டும்: கோன் இயல்பாகவே ஆட விரும்பும் அதிர்வெண்; ஸ்பைடர், சரவுண்ட் ஆகிய தொங்கல் உறுப்புகளின் இளக்கத்துக்கு ஈடான காற்றின் கன அளவு; ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதைச் சொல்லும் கியூ என்ற எண்.

ஒரு கற்பனை வூஃபரை எடுத்துக்கொள்வோம். பெட்டியிலிருந்து எடுத்ததும் அதன் இயல்பு அதிர்வெண் 45 ஹெர்ட்ஸ், ஈட்டுக் காற்று 20 லிட்டர், கியூ 0.45. இதை 10 லிட்டர் மூடிய பெட்டியில் பொருத்துகிறோம். ஓட்டி ஓட்டி அதன் இளக்கம் 20 சதவீதம் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம், தாராளமான அனுமானம்தான். இயல்பு அதிர்வெண் 41 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஈட்டுக் காற்று 24 லிட்டராக ஏறும். கியூ 0.41 ஆகும். தாளில் பார்த்தால் இது பெரிய மாற்றம். பிரேக்-இன்னுக்கு ஆதாரமாக இந்த மாதிரியான எண்களைத்தான் காட்டுவார்கள்.

ஆனால் யாரும் வூஃபரை வெறுமனே மேசையில் வைத்துப் பாட்டுக் கேட்பதில்லை. பெட்டிக்குள் போனதும் உள்ளே அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங்காக வேலை செய்கிறது. மேலே சொன்ன வூஃபரைப் பெட்டியோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், மொத்த அமைப்பின் அதிர்வெண் 78 ஹெர்ட்ஸிலிருந்து ஏறத்தாழ 76 ஹெர்ட்ஸுக்குத்தான் இறங்குகிறது; கியூ 0.78இலிருந்து 0.76. ஒலியளவாக மாற்றினால் 100 ஹெர்ட்ஸில் வித்தியாசம் 0.1 டெசிபல். 40 ஹெர்ட்ஸில் 0.4 டெசிபலுக்கும் குறைவு. 100 ஹெர்ட்ஸுக்கு மேலே, குரலும் வயலினும் இருக்கும் இடமெல்லாம், மாற்றம் பூஜ்யம் என்றே சொல்லலாம். மூன்று அளவுகளும் கைகோத்து நகர்வதால் ஒன்றின் விளைவை மற்றொன்று பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954இல் அமெரிக்காவில் கொண்டுவந்த ஏஆர்-1 ஸ்பீக்கரின் அடிப்படை யோசனையே இதுதான்: தொங்கல் உறுப்புகளை வேண்டுமென்றே தளர்வாகச் செய்துவிட்டு, கோனை இழுத்துவரும் பொறுப்பைப் பெட்டிக் காற்றிடம் ஒப்படைப்பது. காற்று இளகுவதில்லை.

அந்த 40 ஹெர்ட்ஸ் பக்கம் கேட்பவரின் அறை என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 4 மீட்டர் நீளமுள்ள ஒரு சாதாரண அறையில் முதல் ஒத்ததிர்வு சுமார் 43 ஹெர்ட்ஸில் விழும். சுவரோரம் உட்கார்ந்தால் அந்த ஸ்வரம் வீங்கிக் கேட்கும். நாற்காலியை அறை நடுவுக்கு இழுத்தால் காணாமல் போகும். இரண்டுக்கும் வித்தியாசம் 10 டெசிபலைத் தாண்டுவது சகஜம். 0.4 டெசிபலுக்காக இரண்டு மாதம் காத்திருப்பவர், நாற்காலியை அரை மீட்டர் நகர்த்திப் பார்க்காமலே இருப்பதுண்டு.

கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், ஒலி மறுஉருவாக்கம் பற்றிய தம் நூலில் இதை விவரிக்கிறார். விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் விடாப்பிடியாக நின்றதால், பிரேக்-இன் தேவை என்று சொல்லப்பட்ட ஒரு ஸ்பீக்கரை ஆய்வுக் குழு ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் அளந்தது. மாற்றம் தெரிந்தது 30 முதல் 40 ஹெர்ட்ஸ் வரையிலான சின்னப் பகுதியில் மட்டும். அதுவும் மிகச் சிறிதாக. கவனமாகக் காதால் கேட்ட சோதனையில் அந்த வித்தியாசமும் பிடிபடவில்லை.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று ஸ்பீக்கருக்குள் தினமும் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வாய்ஸ் காயில் தாமிரக் கம்பி. ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் சூட்டுக்கும் தாமிரத்தின் மின்தடை 0.39 சதவீதம் ஏறும். ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்கும்போது காயிலின் வெப்பம் 50 டிகிரி ஏறினால் மின்தடை ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஒலி சுமார் ஒன்றரை டெசிபல் அடங்கும். பாட்டு முடிந்து காயில் ஆறினால் பழையபடி திரும்பிவிடும். பிரேக்-இன்னின் 0.4 டெசிபலைத் துல்லியமாகக் கேட்டதாகச் சொல்லும் காதுக்கு இந்த ஒன்றரை டெசிபல் தினமும் வந்துபோவது தெரிவதில்லை. அதைக் கவனிக்கும்படி யாரும் சொல்லித் தரவில்லை என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

அசையும் பாகம் உள்ள வேறு இரண்டு கருவிகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். இசைத்தட்டு ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் நுண்ணிய ரப்பர் துண்டு ஒன்று இருக்கிறது. அது இளகச் சில பத்து மணி நேரம் ஆகும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதை நம்பலாம். ஹெட்ஃபோனில் பல மாதங்களில் மெய்யாகவே மாறுவது காதுப் பஞ்சு. அது அமுங்க அமுங்கக் காதுக்கும் ஒலிப்பானுக்கும் இடைவெளி குறைகிறது, காற்று கசியாமல் மூடும் விதம் மாறுகிறது. தாழ்ந்த ஒலியும் அதற்கேற்ப மாறும். உள்ளிருக்கும் ஜவ்வுக்கு இதில் பெரிய பங்கில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொண்டால் அதைவிடப் பெரிய வித்தியாசம் கிடைக்கும்.

மின்னணுவியலுக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே அசையும் பாகம் எதுவும் இல்லை. இருந்தும் புதிய கருவிகளைத் தொடர்ந்து ஓட்டிப் பார்க்கும் வழக்கம் அங்கேயும் உண்டு, அதற்குக் கறாரான விதிகளும் உண்டு. அமெரிக்க ராணுவத் தரவிதியான மில்-எஸ்டிடி-883 சில்லுகளை 125 டிகிரி வெப்பத்தில் 160 மணி நேரம் ஓட்டச் சொல்கிறது. காரணம் எளிது. மின்னணுப் பாகங்களில் குறையோடு பிறந்தவை ஆரம்பத்திலேயே செத்துப்போகும். அவற்றை ஏவுகணைக்குள் போன பிறகு சாக விடாமல் தொழிற்சாலையிலேயே சாக விட்டுப் பொறுக்கி எடுப்பதுதான் இந்தச் சோதனை. பிழைத்தவை ஓடுவதற்கு முன் எப்படி இருந்தனவோ கிட்டத்தட்ட அப்படியே இருக்க வேண்டும். அளவில் நகர்ந்துவிட்டதையும் சேர்த்துக் கழிப்பார்கள். ஓடி ஓடிச் சிறப்பானது என்று ஒன்றை அங்கே யாரும் எடுத்து வைப்பதில்லை.

மின்பகு கபாசிட்டரில் மெய்யான மாற்றம் ஒன்று உண்டு. அலுமினியத் தகட்டின் மேல் படிந்த மெல்லிய ஆக்சைடு படலம்தான் அதில் மின்காப்பு. பல வருஷம் மின்னழுத்தம் இல்லாமல் அலமாரியில் கிடந்தால் அந்தப் படலம் நலிந்து மின்கசிவு கூடும். மறுபடி மின்னழுத்தம் கொடுத்தால் தானே படலத்தைச் சரிசெய்துகொள்ளும். பழைய வால்வு ரேடியோக்களை உயிர்ப்பிப்பவர்கள் எடுத்த எடுப்பில் முழு மின்சாரம் கொடுக்காமல் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கை மெல்ல மெல்ல ஏற்றுவது இதற்காகத்தான். புதுச் சரக்கில் இது நிமிடக் கணக்கில் முடிகிற காரியம். பாலிபுரொப்பிலீன், டெஃப்லான் போன்ற பிளாஸ்டிக் படலக் கபாசிட்டர்களிலோ இப்படி வளர்கிற படலமே கிடையாது. நூற்றுக்கணக்கான மணி நேரம் தேவை என்று சொல்லப்படுவது பெரும்பாலும் இவற்றுக்குத்தான். விலையும் இவற்றுக்குத்தான் அதிகம். ஒலிகளை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் வற்றிப்போன பழைய மின்பகு கபாசிட்டரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் ட்வீட்டரின் ஒலி மாறுவது உண்மை. அந்த மாற்றம் ஈயம் ஆறியதுமே கேட்கும்.

வால்வுகளின் கேத்தோடைத் தொழிற்சாலையிலேயே மின்னோட்டம் கொடுத்துப் பதப்படுத்தித்தான் அனுப்புகிறார்கள். அதன் பிறகும் முதல் சில பத்து மணி நேரம் கொஞ்சம் நகர்வு இருக்கலாம். டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் சூடேறும்போது அதன் அடிவாய் மின்னழுத்தம் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் வீதம் இறங்குவதால், ஒவ்வொரு முறை போடும்போதும் நிலைக்கு வர அரை மணி, ஒரு மணி ஆகும். அது தினமும் நடப்பது. 200ஆவது மணி நேரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. டிஏசியில் ஆதார மின்னழுத்தம் தரும் சில்லு முதல் ஆயிரம் மணி நேரத்தில்தான் அதிகம் நகரும் என்று அதன் விவரத்தாளே சொல்லும். அந்த நகர்வு பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு. 100 பங்கு என்றே வைத்தாலும் ஒலியளவில் ஒரு டெசிபலின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தொடாது.

மிச்சம் இருப்பது கம்பி. 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியில் 1 ஆம்பியர் மின்னோட்டம் போகும்போது எலக்ட்ரான்கள் நகரும் சராசரி வேகம் விநாடிக்கு 0.03 மில்லிமீட்டர். எறும்பு எவ்வளவோ வேகம். அதுவும் ஒரே திசையில் அல்ல; இசை என்பது மாறுதிசை மின்னோட்டம். 1000 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒன்று அதே உச்ச மின்னோட்டத்தில் ஒலிக்கும்போது எலக்ட்ரான்கள் இருந்த இடத்திலிருந்து முன்னே 5 நானோமீட்டருக்கும் குறைவாகப் போய், அதே அளவு பின்னே வருகின்றன. தாமிரத்தின் ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்கு கால் நானோமீட்டர் தூரம் என்பதால், ஏறக்குறைய இருபது அணுக்களின் நீளம். வருஷக்கணக்கில் கர்னாடக சங்கீதம் ஓடினாலும் எந்த எலக்ட்ரானும் இதனால் எங்கும் போய்ச் சேர்வதில்லை. தாமிரத்தின் படிகத் துகள்கள் திரும்ப அடுக்கிக்கொள்ள நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பம் வேண்டும். ஸ்பீக்கர் கம்பி கைச்சூடுகூட அடைவதில்லை. கம்பி மாற்றும்போது மெய்யாகவே ஒன்று நடக்கலாம்: பழைய பிளக்கைக் கழற்றிப் புதியதைச் செருகும்போது இணைப்பு முனைகளில் படிந்த ஆக்சைடு உரசி நீங்கிவிடும். அதே பழைய கம்பியைக் கழற்றித் திரும்பச் செருகினாலும் அது நடக்கும்.

கருவியின் கணக்கு இவ்வளவுதான். ஆனால் கேட்பவர்கள் பொய் சொல்லவில்லை. முதல் நாள் கரடுமுரடாகக் கேட்டது மூன்றாவது வாரம் இழைந்து கேட்கிறது என்பது அவர்களின் மெய்யான அனுபவம். அந்த அனுபவத்தை எப்படிச் சோதிப்பது?

இதற்கு நான் அறிந்த மிக அழகான முன்மாதிரி ஸ்பீக்கர் உலகிலிருந்து வரவில்லை. வயலின் வாசிக்க வாசிக்கத்தான் திறக்கும் என்பது வித்வான்களிடையே உலகெங்கும் உள்ள நம்பிக்கை. சிட்னியில் ஹாரி வட்டிலியோட்டிஸ் என்ற வயலின் தச்சர் ஒரே மரத்திலிருந்து எடுத்த பலகைகளைக் கொண்டு ஒரே சமயத்தில் இரண்டு வயலின்கள் செய்தார். ஒன்று பவர்ஹவுஸ் அருங்காட்சியகத்துக்குப் போய், வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட சூழலில், அரிதாகவே வாசிக்கப்பட்டுக் கிடந்தது. மற்றதை ரோமானோ கிரிவிச்சி என்ற கச்சேரிக் கலைஞர் தொடர்ந்து வாசித்தார். தொடக்கத்திலும் மூன்று வருஷம் கழித்தும் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ரா இன்டா, ஜான் ஸ்மித், ஜோ வுல்ஃப் ஆகியோர் இரண்டையும் அளந்தார்கள். வாசிப்பவர்களையும் கேட்பவர்களையும் கொண்டு மதிப்பிடவும் வைத்தார்கள். 2005இல் வெளியான முடிவு: மூன்று வருஷக் கச்சேரி வாழ்க்கை, அருங்காட்சியகத்தில் தூங்கிய வயலினிடமிருந்து அதைக் குறிப்பிடத்தக்க அளவுக்கு வேறுபடுத்தவில்லை.

இந்தச் சோதனையின் உயிர் அந்த இரண்டாவது வயலினில் இருக்கிறது. பிரேக்-இன் அனுபவங்களில் எப்போதும் இல்லாதிருப்பது அதுதான். இன்றைய ஒலியை மூன்று வாரத்துக்கு முந்தைய ஒலியோடு ஒப்பிடுகிறோம். முந்தைய ஒலி இருப்பது ஞாபகத்தில் மட்டும். ஒலியின் நுண்ணிய விவரத்தை அப்படியே பிடித்துவைக்கும் எதிரொலி நினைவு சில விநாடிகளே நீடிக்கும் என்பது உளவியலில் நிலைபெற்ற செய்தி. அதற்கப்புறம் நிற்பது "கொஞ்சம் கடுமையாக இருந்தது" என்ற மாதிரியான தீர்ப்பு மட்டுமே. தீர்ப்பை வைத்துக்கொண்டு அரை டெசிபலை அளக்க முடியாது.

காதும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. நெதர்லாந்தின் நைமெகன் பல்கலைக்கழகத்தில் பால் ஹாஃப்மன், ஜான் வான் ஆப்ஸ்டல் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. காதுமடலின் குழிவுகளில் அச்சு வார்த்த துண்டுகளைப் பொருத்தி, மடலின் வடிவத்தையே மாற்றினார்கள். ஒலி மேலேயிருந்து வருகிறதா கீழேயிருந்து வருகிறதா என்று அறியும் திறன் உடனே போயிற்று. துண்டுகளைக் கழற்றாமல் அன்றாட வேலைகளைப் பார்த்தபடி சில வாரங்கள் இருந்ததும் அந்தத் திறன் திரும்பி வந்தது. மூளை புதுக் காதைக் கற்றுக்கொண்டுவிட்டது. துண்டுகளைக் கழற்றிய பிறகு பழைய காதும் பழையபடியே வேலை செய்தது. ஒரு ஜோடிப் புது ஸ்பீக்கரும் காதுக்கு வந்து சேரும் ஒலியின் சாயலை மாற்றுகிறது. அதோடு வாழ வாழ, மூளை அந்தச் சாயலைக் கழித்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்கப் பழகுகிறது. பிரேக்-இன்னுக்குச் சொல்லப்படும் கால அளவும் இந்தப் பழக்கத்துக்கு ஆகும் கால அளவும், இரண்டுமே வாரக் கணக்கு, ஒத்துப்போவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

கண்ணும் சும்மா இருப்பதில்லை. டூலும் ஷான் ஆலிவும் 1994இல் ஹார்மன் ஊழியர்கள் 40 பேரை வைத்து நான்கு ஸ்பீக்கர்களை மதிப்பிட வைத்தார்கள். ஒருமுறை திரை மறைவில், ஒருமுறை பார்வையில் படும்படி. கண்ணில் பட்டதும் பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. சின்ன, மலிவான அமைப்புக்கு இறங்கியது. அதைவிட முக்கியமான ஒன்றும் தெரிந்தது. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி நிஜமாகவே மாறும். திரை மறைவில் அந்த மாற்றத்துக்கு ஏற்ப மதிப்பெண்ணும் மாறியது; கண்ணால் பார்த்தபோது அந்த மாற்றத்தை அவர்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இவர்கள் ஒலித் தொழிலில் இருப்பவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

இன்னொரு சந்தேகத்தையும் டூல் எழுப்புகிறார்: பிரேக்-இன் எப்போதும் நல்லதாகவே முடிவது எப்படி? பொருள் மாறுவதால் ஒலி மாறுகிறதென்றால் சில கருவிகளாவது கெட்டுப்போக வேண்டும். முதல் நாள் தேனாக இருந்தது, 200 மணி நேரத்தில் தகரமாகிவிட்டது என்று யாரும் எழுதுவதில்லை. பொருள்கள் போகும் திசையோ வேறு. 1970களிலும் 80களிலும் வந்த ஸ்பீக்கர்களின் பாலியூரித்தேன் நுரை சரவுண்டுகள் காற்றின் ஈரத்தில் சிதைந்து, பத்துப் பதினைந்து வருஷத்தில் விரல் பட்டால் பொடியாகும் நிலைக்கு வந்துவிடும். சென்னை மாதிரி கடலோர ஊர்களில் ஸ்பீக்கர் ரிப்பேர் பார்ப்பவர்களுக்கு இது தினப்படி வேலை. இளக்கம் அதே இளக்கம்தான். நிறுத்தச் சொன்ன இடத்தில் அது நிற்பதில்லை.

காத்திருக்கச் சொல்வதில் பணக் கணக்கும் இருக்கிறது. தினம் இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்பவருக்கு 200 மணி நேரம் ஆக 100 நாள் வேண்டும். திருப்பிக் கொடுக்க 30 நாள் அவகாசம் தரும் கடையில் வாங்கியிருந்தால், அவகாசம் முடியும்போது 60 மணி நேரம்தான் ஓடியிருக்கும். பிடிக்காத பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை போன பிறகு அது பிடித்துப்போவது, விற்றவருக்கு நல்ல செய்தி. எல்லா விற்பனையாளரும் இதைத் திட்டமிட்டுச் சொல்வதாக நான் நினைக்கவில்லை. பலர் உளமார நம்பித்தான் சொல்கிறார்கள். நம்பிச் சொன்னாலும் நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

ஒலி மாறியது என்று உறுதியாக நம்புகிறவர் அதைச் சோதித்துப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. சிட்னி வயலின்களுக்கு இணையான ஜோடி பல ஷோரூம்களில் ஏற்கெனவே இருக்கிறது: மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ ஸ்பீக்கர் ஒன்று, அதே மாடலில் பெட்டி பிரிக்காதது இன்னொன்று. இரண்டையும் மாற்றி மாற்றி ஒரே இடத்தில் வைத்து, முன்னால் மெல்லிய துணித் திரை கட்டி, ஒலியளவை மீட்டர் வைத்து 0.2 டெசிபலுக்குள் சமன்செய்ய வேண்டும். இந்தச் சமன்செய்தலைத் தட்டிக்கழிக்கக் கூடாது, ஏனென்றால் சற்றே உரத்த ஒலி சிறந்த ஒலியாகவே காதில் விழும். எது ஓடுகிறது என்பது கேட்பவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாதபடி, நாணயம் சுண்டி முடிவு செய்து, 16 முறை கேட்க வேண்டும். வெறும் ஊகத்தில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்ல நூற்றில் நாலு வாய்ப்புக்கும் குறைவு. ஒரே மாடலின் இரண்டு புது ஸ்பீக்கர்களுக்குள்ளேயே அரை டெசிபல், ஒரு டெசிபல் வித்தியாசம் இருப்பது வழக்கம் என்பதால், 12ஐத் தாண்டியவர் பெட்டி பிரிக்காத இன்னொன்றையும் வரவழைத்து, இரண்டு புதுசுகளுக்கு இடையிலும் அதே 16 முறையைச் செய்து பார்க்க வேண்டியிருக்கும்.